கடலோர ஓட்டு வீட்டுக்குத் தகரப் பீலியா, பிளாஸ்டிக் பீலியா?

பருத்தித்துறையில் கடலுக்குக் கிட்ட வீடு, கூரை ஓரப் பலகையும் உக்கத் தொடங்கிவிட்டது, கூரைத் தண்ணீரை ஏந்துகிற பீலியை எதில் போடுவது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பிவிசி பிளாஸ்டிக்தான். உப்புக்காற்றில் தகரம் மடிப்பிலும் ஆணி ஏறின இடத்திலும் முதலில் துருப்பிடிக்கும். பெயின்ற் அடித்தால் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். பிவிசியைத் துருவும் அண்டாது, கறையானும் அண்டாது.

ஆனால் வெயில் அண்டும். பிவிசி ஒரு பாகை சூட்டுக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.06 மி.மீ. நீளும். காண்டாவனத்தில் விடியலுக்கும் மத்தியானத்துக்கும் இடையில் பீலியின் சூடு 30 பாகை ஏறினால் 4 மீற்றர் துண்டு 7 மி.மீ. நகரும். எல்லா மூட்டையும் கம் போட்டு இறுக்கிவிட்டால் ஒன்றில் பீலி நெளியும், இல்லையென்றால் மூட்டு பிளக்கும். றப்பர் வைத்த மூட்டாகக் கேட்டு வாங்குங்கள். நிறம் வெள்ளை. கடும் நிறங்கள் சூட்டை இழுக்கும். நாங்களும் வெள்ளைதான் போட்டோம்.

பீலியைத் தாங்குகிற பிடிகளில் காசைச் சிக்கனம் பண்ணாதீர்கள். 60 செ.மீ.க்கு ஒரு பிடி வேண்டும். 1000 சதுர அடிக் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 93 லீற்றர் தண்ணீர். கார்த்திகையில் ஒரு மணித்தியாலத்தில் 50 மி.மீ. கொட்டினால் 4600 லீற்றருக்கு மேல். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய கணக்காகத் தெரியாது. இறங்கு பைப்பைப் பீலியின் ஒரு தொங்கலில் வைக்காமல் நடுவில் வையுங்கள், இரண்டு பக்கத்தாலும் தண்ணீர் வந்து இறங்கும்.

பலகை விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வது: உக்கின மரத்துக்கு மேலே பிவிசியை அடித்து மூடாதீர்கள். உள்ளே உக்கல் நடந்துகொண்டேயிருக்கும், ஒரு மாரியில் பீலியோடு சேர்ந்து கழன்றுவிடும். கழற்றிவிட்டு, வெளிப்பாவனைக்கென்று செய்த தடித்த பிவிசிப் பலகையைக் கைமரங்களின் நுனியில் துருப்பிடிக்காத உருக்கு ஸ்குறூவால் பூட்டுங்கள். அறைச் சீலிங்குக்கு விற்கிற பொள்ளல் பிவிசித் தகடு மலிவு. வெளியில் வெயில் பட்டால் நொறுங்கிவிடும்.

தண்ணீரைத் தெருவுக்கு விடவேண்டாம். எங்கள் கிணறுகள் எல்லாம் சுண்ணக்கல்லுக்குள் ஊறுகிற மழையை நம்பித்தான் இருக்கின்றன. முதல் மழை கூரைத் தூசியையும் காக எச்சத்தையும் கழுவிப் போகட்டும், பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள். வளவில் வேம்பு நின்றால் புரட்டாதியிலேயே ஏணி வைத்துச் சருகை அள்ளிவிடுங்கள்.