கேஸில் ஓடுது, பெட்ரோலில் நிக்குது!

கேள்வி: என்னுடையது 2006 மாடல் ஆம்னி, பெட்ரோல் - கேஸ் (எல்பிஜி) இரண்டும். கேஸில் நன்றாக ஓடுகிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் இருமி இருமி நின்றுவிடுகிறது. பம்ப் போய்விட்டது, டாங்கை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா? சிலிண்டர் டெஸ்ட்டின் கெடுவும் முடிந்துவிட்டது. வண்டியைக் கொண்டுவராமலே சர்டிபிகேட் வாங்கித் தருவதாகப் புரோக்கர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: டாங்கை இப்போதைக்கு இறக்காதீர்கள். கேஸில் ஒழுங்காக ஓடுகிறது என்றாலே பிளக், காயில் எல்லாம் நலம். கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான்.

ஸ்விட்சைப் பெட்ரோலில் வைத்துச் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், ஸ்டார்ட் அடிக்க வேண்டாம். டாங்க் பக்கம் ஒருவரைக் காது வைக்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் பம்பின் சத்தம் ஓரிரு விநாடி ‘உய்ய்ங்’ என்று கேட்டு அடங்க வேண்டும். சத்தமே இல்லையா? முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (பம்புக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்), பிறகு கேஸ் கிட் மாட்டியவர் பம்ப் வயரை வெட்டி ஒட்டுப்போட்ட இடம். டேப் பிசுபிசுத்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்ப் மேல் சந்தேகம். சத்தம் வந்தும் வண்டி நின்றால் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். அதன்பின் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கட்டும்.

இந்தப் பம்புக்குப் பெட்ரோல்தான் குளிர்ச்சி. பல கிட்களில் கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ரிசர்விலேயே ஓட்டினால் கருகாமல் என்ன செய்யும்? கால் டாங்காவது வையுங்கள். அதற்காக மாதக்கணக்கில் தேக்கவும் கூடாது, இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, ஈரத்தை இழுக்கும். வாரம் ஒருமுறை பெட்ரோலில் ஓட்டிவிடுங்கள்.

இது உங்கள் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு. பழைய கார்புரேட்டர் ஆம்னி வைத்திருப்பவர்கள் டாங்க் பக்கம் காது வைத்துப் பயனில்லை, அங்கே மோட்டாரே கிடையாது. பம்ப் இன்ஜினில் இருக்கிறது. பெட்ரோல் லைனில் கிட்காரர் கரண்டில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு வைத்திருப்பார். ஸ்விட்சைத் தட்டும்போது அதில் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதற்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் திறக்காவிட்டால் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல வால்வுகளில் கையால் திறக்கவும் திருகு உண்டு. ‘டிக்’ கேட்டாலும், நாள்பட கேஸிலேயே ஓடிய வண்டியில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் காய்ந்திருக்கும். சிறிது நேரம் செல்ஃப் அடித்தால்தான் நிரம்பும். அதற்குள் ‘கார்புரேட்டர் போச்சு’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புரோக்கர் விஷயம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் அந்தச் சோதனைக்குச் சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்க வேண்டும். வண்டியே போகாமல் வரும் சர்டிபிகேட் வெறும் காகிதம். சர்டிபிகேட் கேட்கத் தெரிந்த அரசுக்கு, சோதனை நிலையத்தைப் பக்கத்தில் வைக்கத் தெரியவில்லை. புரோக்கர் பிழைப்பது அதில்தான். இதே ஆட்கள்தான் வீட்டு சிலிண்டரிலிருந்து மோட்டார் வைத்து வண்டிக்குக் கேஸ் ஏற்றித் தருவதும். சட்டவிரோதம் மட்டுமல்ல, வண்டி சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. சந்துக்குள் ஏற்றுபவர் அதையா பார்க்கிறார்?

பம்ப்தான் என்று முடிவானால், அதன் அடியிலுள்ள வலை ஃபில்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பம்பைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.