ரெக்கார்டர் இரைகிறது: தனியாக ப்ரீஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். ரெக்கார்டர் டாஸ்காம் டிஆர்-40, மைக் ஷூர் எஸ்எம்7பி. குரல் சன்னமாக விழுகிறது. லெவலை ஏற்றினால் பின்னால் 'உஸ்' என்று இரைகிறது. வெளி ப்ரீஆம்ப் வாங்கினால் சரியாகுமா? எப்படி இணைப்பது?

சரியாகும். ப்ரீஆம்ப் என்பது மைக் தரும் சன்னமான சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி. ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. மைக்கை இரண்டு தலையணைக்கு நடுவே வைத்து, துணி நிறைந்த பீரோவுக்குள் மூடி, அதே லெவலில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் குற்றவாளி ரெக்கார்டர். பாதிக்குமேல் அடங்கிவிட்டால் குற்றவாளி உங்கள் அறை. சீலிங் ஃபேன் சத்தத்தையும் குரலோடு சேர்த்தே பெருக்குவதுதான் ப்ரீஆம்பின் வேலை, அதற்கு எவ்வளவு விலை கொடுத்தாலும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு ரெக்கார்டர் மேல்தான் சந்தேகம். எஸ்எம்7பி மிகவும் கம்மியாகக் கொடுக்கிற மைக். 94 டெசிபல் சத்தத்துக்கு அது தருவது 1.12 மில்லிவோல்ட். லைன் லெவல், அதாவது ஆடியோ கருவிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சிக்னல் அளவு, ஏறக்குறைய 1.23 வோல்ட். அதாவது ஆயிரம் மடங்குக்குமேல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 60 டெசிபல். கையடக்க ரெக்கார்டரின் உள் ப்ரீஆம்ப் அவ்வளவு தூரம் இழுக்கப்படும்போது தன் சொந்த இரைச்சலையும் சேர்த்தே தூக்கிவிடுகிறது. இதே இடத்தில் ரோட் என்டி1-ஏ போன்ற, கேபிள் வழியே மின்சாரம் வாங்கி ஓடும் கண்டென்சர் மைக் 25 மில்லிவோல்ட் தரும். அதற்கு வெளி ப்ரீஆம்ப் தேவையே படாது. நண்பரிடம் அப்படி ஒன்று இருந்தால் முதலில் இரவல் வாங்கிப் பாருங்கள்.

சிக்னலை முதலில் பெருக்குவது யார் என்பதில்தான் இரைச்சல் பெரும்பாலும் முடிவாகிறது. அதனால் வெளி ப்ரீஆம்ப்தான் முழு வேலையையும் செய்ய வேண்டும். ரெக்கார்டர் வெறுமனே வாங்கி எழுதினால் போதும். ப்ரீஆம்பின் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் பிளக்) அவுட்புட்டை டிஆர்-40இன் அடியில் உள்ள எக்ஸ்எல்ஆர் இன்புட்டில் செருகி, பக்கவாட்டு ஸ்விட்சை 'லைன்' நிலைக்குத் தள்ளுங்கள். பலர் அதை 'மைக்' நிலையிலேயே விட்டுவிட்டு, "இவ்வளவு செலவு செய்தும் கரகரக்கிறது" என்று புலம்புவார்கள். 'மைக் + பாண்டம்' (கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் நிலை) இன்னும் மோசம்: 48 வோல்ட்டை ப்ரீஆம்பின் அவுட்புட்டுக்குள் திருப்பி அனுப்பும், சில கருவிகள் அதைத் தாங்காது.

அப்புறம் லெவல். ஆட்டோ லெவல், லிமிட்டர் (உரத்த சத்தத்தைத் தானாக அமுக்குவது) இரண்டையும் அணைத்து, 24 பிட்டில் வையுங்கள். ரெக்கார்டரின் லெவலை நடுவுக்குக் கீழே நிறுத்தி, ப்ரீஆம்பின் திருகை ஏற்றுங்கள். கதையில் கத்துகிற இடத்தை உண்மையாகவே கத்தி வாசித்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும்.

ப்ரீஆம்பும் ரெக்கார்டரும் இரண்டுமே கரண்டில் ஓடினால் 'ஹம்' என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரலாம். ரெக்கார்டரை அதன் மூன்று டபுள்-ஏ பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

3.5 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் உள்ள சின்ன ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேலன்ஸ்டு மோனோ அவுட்புட்டை (ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்புவது) அந்த ஸ்டீரியோ ஓட்டையில் நேராகச் செருகினால் இடதும் வலதும் எதிரெதிராகப் பதிவாகும். ஹெட்ஃபோனில் ஏதோ குடைந்தெடுத்தது போலக் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டால் குரலே காணாமல் போகும். அதற்கென்று உள்ள கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும்.

பட்ஜெட் குறைவென்றால் முழு ப்ரீஆம்ப் வேண்டாம். கிளவுட்லிஃப்டர் சிஎல்-1 போன்ற சின்னப் பெட்டி மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே உட்கார்ந்து 25 டெசிபல் வரை ஏற்றிக் கொடுக்கும். அது பாண்டம் மின்சாரத்தில் ஓடுவதால், இங்கே ஸ்விட்ச் 'மைக் + பாண்டம்' நிலையில் இருக்க வேண்டும். அந்த 48 வோல்ட் மைக்குக்குப் போகாது, பயப்பட வேண்டாம். பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.

நல்ல ப்ரீஆம்ப் ஒன்றுக்குச் செலவழிக்கத் தயார் என்றால், நான் ரெக்கார்டரையே மாற்றச் சொல்வேன். ஜூம் எஃப்3 போன்ற 32 பிட் ஃப்ளோட் கருவிகளின் உள் ப்ரீஆம்பே எஸ்எம்7பிக்குப் போதும். கெய்ன் (பெருக்கும் அளவு) திருகே கிடையாது. கத்தினாலும் கிசுகிசுத்தாலும் லெவலைப் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம்.