தானே பறக்கும் ட்ரோனுக்கு லைசென்ஸ் வேண்டாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் முறுக்கு, சமூசா செய்து விற்கிறேன். பக்கத்து ஊரான வெருலத்தில் வாடிக்கையாளர்கள் அதிகம். ஏஐ ட்ரோன் தானே பறந்து கொடுத்துவிட்டு வரும், ஓட்டுபவர் இல்லாததால் லைசென்ஸே வேண்டாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். டெலிவரிக்குத் தனிக் காசு வாங்க மாட்டேன். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏஜென்ட் சொன்னதைத் தலைகீழாகப் படித்தால் சரியாக இருக்கும். 2015 ஜூலையில் நடப்புக்கு வந்த தென்னாப்பிரிக்க ட்ரோன் விதிகள், பறக்கும்போதே மனிதர் குறுக்கிட்டுத் திருப்பக்கூடிய ட்ரோனுக்குத்தான் பொருந்தும். குறுக்கிடவே முடியாமல் தன்போக்கில் பறப்பது அவற்றுக்கு வெளியே நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘விதியே கிடையாது’ என்று விற்கிறார்கள். உண்மையில் அதற்கு அனுமதி கேட்கும் வாசலே இல்லை. ஏஐ எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பறந்தாலும், லைசென்ஸ் உள்ள பைலட் ஒருவர் தடுத்து நிறுத்தத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

காசு வாங்காத டெலிவரி, லைசென்ஸ் தேவைப்படாத ‘சொந்த உபயோகம்’ ஆகாதா? இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். சொந்த உபயோகம் என்றால் வியாபார லாபம் எந்த வடிவிலும் இருக்கக்கூடாது. உங்கள் பண்ணையில், உங்கள் பொழுதுபோக்குக்கு, 7 கிலோவுக்குக் குறைந்த ட்ரோனைக் கண்பார்வைக்குள் பறக்கவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர், பொதுச்சாலை எல்லாம் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதில் கடைப் பொட்டலம் ஏறிய நொடியே அது தொழில். ‘இலவசம்’ என்று எழுதி ஒட்டினாலும் முறுக்கின் விலை உங்கள் கல்லாவில்தானே விழுகிறது? உறவினருக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்புவதென்றாலும் தப்பவில்லை. ட்ரோனிலிருந்து எதையும் போடவோ கயிற்றில் இறக்கவோ ஆர்.ஓ.சி. என்ற, ட்ரோன் இயக்கும் நிறுவனத்துக்கான சான்றிதழும், அந்த வேலைக்கான தனி ஒப்புதலும் வேண்டும்.

கண்பார்வை தாண்டிப் பறக்கவும் அதே கதைதான். உங்கள் வழி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பக்கத்திலேயே கிங் ஷாக்கா விமான நிலையம். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கக்கூடாத அதன் 10 கிலோமீட்டர் வளையத்துக்குள் இரண்டு ஊர்களும் வருகின்றன. விமான நிலையத்துக்கு அருகே பறக்கவிடாமல் தடுக்கும் ட்ரோன் மென்பொருளின் பூட்டைத் திறந்து தருகிறேன் என்பார் ஏஜென்ட். பூட்டுத் திறப்பது அனுமதி ஆகாது.

ஏஐ உண்மையில் செய்வது என்ன? கேமராப் படத்தில் மரம், சுவர், ஆள் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு விலகும். இறங்க வெற்றிடம் தேடும். மெல்லிய மின்கம்பிதான் அதன் பலவீனம். படத்தில் ஓரிரு புள்ளி அகலம்தான் தெரியும், எதிர்வெயிலில் அதுவும் மறையும். சிம் வழியாகக் கட்டுப்படுத்தும் ட்ரோன் என்றால் மின்வெட்டில் டவர் பேட்டரி தீர்ந்ததும் பைலட்டின் தொடர்பு அறுந்துவிடும். அப்போது திரும்புமா, அங்கேயே இறங்குமா, எத்தனை வினாடியில் என்று எழுத்தில் கேளுங்கள்.

விளம்பரத்தில் போடும் பறக்கும் நேரம் பெரும்பாலும் சுமையில்லாமல், காற்றில்லாமல் அளந்தது. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் 11 கிலோமீட்டர் போக 12 நிமிடம். கடற்காற்று எதிரே 7 மீட்டர் வேகத்தில் அடித்தால் 23 நிமிடம். இறங்கும்போது பேட்டரியில் கால்வாசியாவது மிச்சம் வேண்டும். திரும்பி வர எங்கே இருக்கிறது?

இன்னொரு வலை: ‘எங்கள் ஆர்.ஓ.சி.யில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு.’ இது முறையாகவும் நடப்பதுதான்; ஆனால் அவர்கள் காகிதத்தில் உங்கள் ட்ரோனின் சீரியல் எண், பைலட்டின் பெயர், கண்பார்வை தாண்டிய பறப்பு, சரக்கு இறக்கம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். முதல் இரண்டைக் காட்டிவிட்டுக் கடைசி இரண்டைச் சொல்லாமல் விடுவார்கள். ‘லைசென்ஸோடு கிடைக்கும் பழைய ட்ரோன்’ என்பதையும் நம்பாதீர்கள். அந்த ‘லைசென்ஸ்’ முந்தைய உரிமையாளர் பெயரில் உள்ள ஒப்புதல் கடிதம்தான்.

நேர்வழி நீளம், அதை மறைப்பதற்கில்லை. ஆர்.ஓ.சி.க்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தில் 5 கட்டங்கள். கூலிக்குப் பறப்பதென்றால் போக்குவரத்துத் துறையின் உரிமக் குழுவிடம் தனி லைசென்ஸ். முறுக்குப் பொட்டலத்துக்கும் பெரிய சுரங்கக் கம்பெனிக்கும் ஏறக்குறைய அதே காகிதக்கட்டு! இந்த இழுவைதான் ஏஜென்டுகளுக்குச் சோறு போடுகிறது. இப்போதைக்கு வெருலத்துக்கு ஒரு ஸ்கூட்டர் பையனை வையுங்கள்.