ஓவர்ஸ்டேபிள் டிரைவர் எது வாங்கலாம்? கடற்கரைக் குழுவின் கேள்விகளும் பதில்களும்

டிஸ்க் கோல்ஃபில், அதாவது தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் ஆட்டத்தில், தூரம் எறிய எடுக்கும் டிரைவர் என்ற தட்டுகளைப் பற்றி எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் கேள்விகள் சேர்ந்துகொண்டே இருந்தன. எழுதிக் கொடுங்கள், மொத்தமாகப் பதில் சொல்கிறேன் என்றேன். பெயர் வேண்டாம், எந்தப் பகுதி என்று மட்டும் குறித்தால் போதும் என்றும் சொன்னேன். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் எல்லாம் வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது) எறிபவரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரி: அண்ணா, டிஸ்க்கின் மேல் 12, 5, -1, 3 என்று போட்டிருக்கிறதே, அதில் ஓவர்ஸ்டேபிள் எங்கே இருக்கிறது?

முதல் எண் வேகம். டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அது சொல்வதில்லை. சரியாகப் பறக்க நீங்கள் எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. இரண்டாவது மிதப்பு. மூன்றாவது டர்ன், அதாவது முழு வேகத்தில் வலப்பக்கம் சாயும் குணம். நான்காவது ஃபேட், அதாவது வேகம் குறைந்தபின் இடப்பக்கம் திரும்பி இறங்கும் குணம். நீங்கள் எழுதியிருப்பது இன்னோவா டெஸ்ட்ராயரின் எண்கள். அதே கம்பெனியின் ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. லெபர்ட் 6, 5, -2, 1. டர்ன் பூஜ்யத்தை ஒட்டியும் ஃபேட் மூன்று, நான்கு என்றும் இருந்தால் அது ஓவர்ஸ்டேபிள்.

ஏன் அப்படிச் சாய்கிறது என்பதற்குப் பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற பம்பரத்தைத் தட்டினால் தட்டிய திசையில் சாயாது, அதற்குக் குறுக்கே சாயும். டிஸ்க்கும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது காற்று அதைத் தாங்கும் புள்ளி நடுவுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் மூக்கு, அதாவது முன்விளிம்பு, கீழே அமுங்கப் பார்க்கிறது. ஆனால் கடிகார முள் திசையில் சுற்றிக்கொண்டிருப்பதால் மூக்கு அமுங்காமல் வலப்பக்கம் சாய்கிறது. வேகம் குறைந்து இறங்கும்போது அந்தப் புள்ளி முன்னால் வந்துவிடும். காற்று மூக்கைத் தூக்கப் பார்க்கும், டிஸ்க் இடப்பக்கம் சாயும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கின் விளிம்பு, முதல் சாய்வு ஏறக்குறைய வராமலும் இரண்டாவது சாய்வு பலமாகவும் இருக்கும்படி செய்யப்பட்டது.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு இருந்தால், ஒரே மாடலில் இரண்டை மேசைமேல் அடுத்தடுத்து வையுங்கள். வெளிவிளிம்பின் கூர்முனை எதில் உயரமாக இருக்கிறதோ, எதன் மேல்பாகம் தட்டையாக இருக்கிறதோ, அதுதான் பெரும்பாலும் அதிக ஓவர்ஸ்டேபிள். ஒரே பெயரில் வரும் டிஸ்க்குகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு, அதனால் எண்களை மட்டும் நம்பாதீர்கள்.

பெருங்குடி: என் டெஸ்ட்ராயர் 50 மீட்டர் போவதற்குள் இடப்பக்கம் திரும்பி விழுந்துவிடுகிறது. இதைவிட ஓவர்ஸ்டேபிள் வாங்கினால் பலமாக எறிய முடியுமா?

முடியாது. இன்னும் சீக்கிரம் விழும். உங்கள் கை வேகத்துக்கு அந்த டிஸ்க் முழுப் பறப்புக்கே வரவில்லை, எறிந்த உடனே ஃபேட் கட்டத்துக்குப் போய்விடுகிறது. என் கணக்கில், சமதரையில் காற்றில்லாமல் 100 மீட்டர் எறிய முடியாதவருக்கு 12 வேக டிரைவரால் லாபம் இல்லை. 7 வேக டிஸ்க்கே அவருக்கு அதிக தூரம் தரும்.

ஆனால் அதற்கும் முன்னால் மூக்கைப் பாருங்கள். இதை நான் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன். கையை விட்டு வெளியேறும்போது டிஸ்க்கின் முன்விளிம்பு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால், அது ஏறும், நிற்கும், இடப்பக்கம் சரியும். எந்த டிஸ்க்கும் அப்போது ஓவர்ஸ்டேபிளாகத்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். மூக்கைச் சரி செய்யாமல் புது டிரைவர் வாங்குவது காசை மணலில் போடுவது போல. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவிக்கும் சரக்கு, சுங்க வரியும் சேர்ந்துகொள்கிறது.

தாம்பரம்: இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். எந்த ஓவர்ஸ்டேபிள் டிரைவர் வாங்கலாம் அண்ணா?

இப்போது எதுவும் வேண்டாம் தம்பி. ஒரு லெபர்ட், டிஸ்க்ராஃப்ட் கம்பெனியின் பஸ் (Buzzz) ஒன்று, கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும் பட்டர் (putter) ஒன்று. ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

அண்ணா நகர்: காற்றை எதிர்க்க 180 கிராமில் டிரைவர் கிடைக்குமா?

விதிப்படி கிடைக்காது. டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதியில் விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் உச்சம். 21.1 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரைவருக்கு அது 175 கிராமில் வந்து நிற்கும். விளிம்பின் அகலத்துக்கும் 2.6 சென்டிமீட்டர் என்று வரம்பு உண்டு. எதிர்க்காற்றுக்கு 173 முதல் 175 கிராம் வரை எடுங்கள், போதும்.

திருவான்மியூர்: சாயங்காலம் கடற்காற்றில் எறிந்தால் ஒரு நாள் நன்றாகப் போகிறது, இன்னொரு நாள் அதே டிஸ்க் சொத்தென்று விழுகிறது. ஏன்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. நம் கடற்கரையில் கடல் கிழக்கே, காற்று கடலிலிருந்து. நாம் எறிவதோ கரையோடு, வடக்கே அல்லது தெற்கே. அதாவது காற்று எப்போதும் குறுக்கே வருகிறது. வடக்கே பார்த்து எறிந்தால் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் கடைசியில் இடப்பக்கம் சாயும்போது அதன் அடிப்பாகம் காற்றுக்குத் தெரியும். காற்று அடியில் புகுந்து தூக்கி, கரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். தூரம் கிடைத்த மாதிரி இருக்கும், ஆனால் பாதிதான் நேர் தூரம், மீதி பக்கவாட்டில். தெற்கே பார்த்து எறிந்தால் கதை தலைகீழ். காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது. டிஸ்க் இடப்பக்கம் சாய்ந்ததும் மேல்பாகம் காற்றுக்கு நேராகிறது, காற்று அதை அமுக்கிக் கீழே அடிக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி சொத்தென்று விழுவது இதனால்தான்.

நேர் எதிர்க்காற்று வந்தால் டிஸ்க் இன்னும் வேகமாகப் பறப்பது போல நடந்துகொள்ளும், டர்ன் கூடும். அப்போதுதான் ஓவர்ஸ்டேபிளுக்கு உண்மையான வேலை. பின்காற்றில் தூக்கும் சக்தி குறையும், ஃபேட் சீக்கிரம் வரும். அங்கே ஓவர்ஸ்டேபிளை எடுத்தால் தூரம் போகாது.

இன்னொன்று. தெற்கே பார்த்து எறியும்போது பேக்ஹேண்ட் ஃபேட் கடலை நோக்கிப் போகும். டிரைவர்களில் பெரும்பாலானவை தண்ணீரில் மூழ்கும். மிதக்கும் டிரைவர் வேண்டுமானால் இன்னோவா டிராகன் இருக்கிறது, ஆனால் அது ஓவர்ஸ்டேபிள் அல்ல.

அதைவிட முக்கியம் ஆட்கள். டிரைவரின் விளிம்பு மெல்லியது, அல்டிமேட் (இரண்டு அணிகள் தட்டை எறிந்து பிடித்து ஆடும் ஆட்டம்) டிஸ்க் மாதிரி அல்ல. முகத்தில் பட்டால் கிழிக்கும். சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரையில் டிரைவரை வெளியே எடுக்காதீர்கள். பட்டர் போதும்.

குரோம்பேட்டை: எனக்கு முதல் டிரைவர் என்ன வாங்கலாம்? ஓவர்ஸ்டேபிளாக இருந்தால் நல்லது.

தாம்பரத்துக்குச் சொன்ன பதில்தான்.

பெசன்ட் நகர்: பத்து வருடமாக அல்டிமேட் ஆடுகிறேன் அண்ணா. ஃப்ளிக்தான், அதாவது ஃபோர்ஹேண்ட்தான், என் பலம். டெஸ்ட்ராயரையே என் ஃப்ளிக் புரட்டிவிடுகிறது, இடப்பக்கம் உருண்டு போகிறது. 13 வேகத்தில் இதைவிட ஓவர்ஸ்டேபிள் எது?

புரட்டுவது பலத்தால் என்று நினைக்கிறீர்கள். அல்டிமேட்டிலிருந்து வரும் பலரிடம் நான் பார்ப்பது ஆட்டம், அதாவது கையை விடும்போது டிஸ்க் தள்ளாடுவது. 175 கிராம் அல்டிமேட் டிஸ்க் அகலமானது, கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். டிரைவர் பொறுக்காது. சோதிக்க ஒரு வழி: அதே டெஸ்ட்ராயரைப் பாதி பலத்தில் ஃப்ளிக் அடியுங்கள். அப்போதும் புரண்டால் குற்றம் மணிக்கட்டில். 13 வேகம் வேண்டாம்.

பெசன்ட் நகர்: மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள முடியவில்லை. நண்பரின் ஃபயர்பேர்டை எறிந்தேன், 80 மீட்டர் நேராகப் போய் நின்றது. கையைப் பார் என்கிறீர்கள். என் கைக்கு எது புரளாமல் நிற்கிறதோ அதைத்தானே வாங்க வேண்டும்?

ஆதம்பாக்கம்: நானும் அவர் பக்கம்தான். ஃபோர்ஹேண்டில் சுழற்சி குறைவு, ஓவர்ஸ்டேபிள் இல்லாமல் நிற்காது. பேக்ஹேண்ட் எறிபவர் சொல்லும் விதி எங்களுக்குப் பொருந்தாது.

சுழற்சி பற்றிச் சொன்னது சரி. பெரும்பாலோருக்கு ஃபோர்ஹேண்டில் பேக்ஹேண்டைவிடச் சுழற்சி குறைவுதான், ஓவர்ஸ்டேபிள் அங்கே இயல்பான தேர்வு. ஆனால் கவனியுங்கள், நின்றது 9 வேக ஃபயர்பேர்ட். கேட்டது 13 வேகம். இரண்டும் ஒன்றல்ல. ஃபயர்பேர்ட் வாங்குங்கள் என்றால் நானே கூட வருவேன்.

ஆதம்பாக்கம்: அப்படியானால் இன்னோவா மேக்ஸ்? 11, 3, 0, 5. ஃபயர்பேர்டைவிட ஃபேட் அதிகம், வேகமும் அதிகம்.

ஃபேட் ஐந்து என்றால் உங்கள் தள்ளாட்டத்தை முழுக்க மூடி மறைத்துவிடும். ஒரு வருடம் கழித்தும் அதே தள்ளாட்டம் இருக்கும், வேறு எந்த டிஸ்க்கையும் எறிய வராது. பலமாக எறிபவர் எதிர்க்காற்றில் எடுக்க வேண்டிய டிஸ்க் அது.

பெசன்ட் நகர்: நேரில் வந்து எறிந்து பார்க்கலாமா?

பார்த்தோம். நேற்று காலை ஆறு மணிக்கு, மூன்று பேரும். தெற்கே பார்த்து எறிந்தோம். ஃபோர்ஹேண்ட் ஃபேட் வலப்பக்கம் என்பதால் அது கரைப்பக்கம் விழும். தென்றல் எதிரே வந்துகொண்டிருந்தது. காற்று எழுந்தபோது அவருடைய ஃபயர்பேர்ட் அசையாமல் கோட்டில் நின்றது, அந்த அளவுக்கு ஓவர்ஸ்டேபிள் அல்லாத என் டீபேர்ட் இரண்டு முறை புரண்டு மணலில் உருண்டது. அதில் அவர் சொன்னதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். காற்று அடங்கியதும் அதே கையால் அவர் எறிந்த டீபேர்ட், ஃபயர்பேர்டைத் தாண்டி ஏழெட்டு அடி வைக்கும் தூரம் போனது. ஆதம்பாக்கம் நண்பர் தன் மேக்ஸை ஐந்து முறை எறிந்தார், ஐந்தும் பாதி வழியில் வலப்பக்கம் வெட்டிக்கொண்டு இறங்கின. பாதி பலத்தில் எறியும் சோதனையும் செய்தோம். பெசன்ட் நகர்க்காரரின் டெஸ்ட்ராயர் அப்போதும் புரண்டது. பிடியை இறுக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி வைக்கச் சொன்னேன். அடுத்த மூன்றில் இரண்டு நேராகப் போயின. அவர் இன்னும் 13 வேகம் வேண்டும் என்கிறார். வாங்கட்டும், ஆனால் ஃபயர்பேர்டுக்குப் பிறகு.

மடிப்பாக்கம்: எந்த பிளாஸ்டிக் நல்லது?

ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் அப்படியே ஓவர்ஸ்டேபிளாக இருக்க வேண்டும் என்றால் இன்னோவாவின் சாம்பியன் அல்லது டிஸ்க்ராஃப்டின் இசட் மாதிரி கடினமான பிளாஸ்டிக். இன்னோவாவின் டிஎக்ஸ் மலிவு, ஆனால் மணலும் மரமும் விளிம்பைத் தின்றுவிடும், விரைவில் நேராகப் போகிற டிஸ்க் ஆகிவிடும். நம் ஊரில் வேர்வை ஒரு பிரச்சினை. சாம்பியன் கையில் வழுக்கினால் அதே கம்பெனியின் ஸ்டார் பிளாஸ்டிக் எடுங்கள். துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். மே மாதம் காருக்குள் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள், வளைந்துவிடும்.

கோடம்பாக்கம்: கொடைக்கானலில் எறிந்தபோது என் டிஸ்க் எல்லாம் அதிகமாக ஃபேட் ஆனது. பழுதா?

இல்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்ன் ஆவதற்குப் போதிய காற்று கிடைக்காது. மலைக்குப் போகும்போது லெபர்ட் மாதிரி அண்டர்ஸ்டேபிள் (டர்ன் அதிகமுள்ள) டிஸ்க்குகளை எடுத்துப் போங்கள்.

போரூர்: வெயில் காலத்தில் டிஸ்க் அண்டர்ஸ்டேபிள் ஆகிவிடும் என்கிறார்களே?

சூடான காற்றின் அடர்த்தி குறைவு, 20 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் ஆறேழு சதவீதம். அந்தக் கணக்கில் ஓவர்ஸ்டேபிள் பக்கம்தான் கொஞ்சம் நகரும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வீசுகிற காற்றின் வேலை.

மயிலாப்பூர்: கூடை இல்லாமல் ஆடினால் அது டிஸ்க் கோல்ஃபா?

தாராளமாக. எட் ஹெட்ரிக் 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்த முதல் நிரந்தர மைதானத்தில் ஆரம்பத்தில் இருந்தது கம்பங்கள்தான், சங்கிலிக் கூடை பிறகு வந்தது. மூங்கில் நட்டு ஆடுங்கள்.

பல்லாவரம்: பட்டிங்கில் கை நடுங்குகிறது, என்ன செய்ய?

அது எனக்குக் கைவந்த விஷயம் அல்ல. நம் குழுவில் கூடை வாங்கி வீட்டு மாடியில் வைத்திருப்பவரைக் கேளுங்கள்.

சைதாப்பேட்டை: எறிந்தபின் தோள் இரண்டு நாள் வலிக்கிறது. லேசான டிரைவர் வாங்கலாமா?

முதலில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். டிஸ்க் அப்புறம்.

மேடவாக்கம்: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், ஓவர்ஸ்டேபிள் டிரைவர் ஒன்று சொல்லுங்கள்.

மூன்றாவது முறை இதே கேள்வி. மேலே தாம்பரத்துக்குச் சொன்ன பதில், பிறகு பெருங்குடிக்குச் சொன்னது. இரண்டையும் படித்துவிட்டு ஒரு வீடியோவோடு வாருங்கள். மூக்கு தெரியும்படி, பக்கவாட்டிலிருந்து.

அடையாறு: நான் இடக்கைக்காரி. எனக்கு எது சரி?

அதே டிஸ்க்குகள்தான். இடம் வலம் மட்டும் மாறும். கடற்கரையில் பேக்ஹேண்ட் எறியும்போது நீங்கள் தெற்கே பார்த்து எறியுங்கள், உங்கள் ஃபேட் கரைப்பக்கம் விழும்.

திருவான்மியூர்: இந்த ஞாயிறு எத்தனை மணிக்கு?

ஐந்தே முக்காலுக்கு. ஏழு மணிக்கு நடக்க வருபவர்கள் கூடத் தொடங்குவார்கள், அப்போது டிரைவர் எல்லாம் பைக்குள் போய்விட வேண்டும்.