மருந்துச் சோதனை நெறிமுறை ஆய்வு: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

சமூகவியல் முதுகலையில் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், மருந்துச் சோதனைகளில் சேரும் தன்னார்வலர்கள் எதைப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறார்கள் என்று ஆராய விரும்புவதாகவும், இதற்குச் சம்பளம் யார் தருவார்கள் என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இருக்கிறதா என்பதை யாரும் சரிபார்த்துவிடலாம். இட்டவர் என்ன நினைத்து இட்டார் என்பதை அவரிடம் உட்கார்ந்து பேசித்தான் அறிய முடியும். யாருக்கு எந்த மருந்து என்பது குலுக்கல் முறையில் முடிவாகும் என்று விளக்கிய பிறகும், டாக்டர் தமக்கு ஏற்றதைத்தான் தருவார் என்று நோயாளிகள் நம்பியதை, அமெரிக்காவில் மனநல ஆய்வுகளில் பங்கேற்றவர்களிடம் பேசிக் கண்டறிந்த மனநல மருத்துவர் பால் ஆப்பல்பாமும் சகாக்களும் 1982இல் அதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். நம் ஊரில் டாக்டரிடம் 'வேண்டாம்' என்று சொல்லத் தயங்குவதும், மனைவிக்காகக் கணவர் தலையாட்டுவதும், தரப்படும் தொகை பயணச் செலவா ஆசைகாட்டலா என்ற குழப்பமும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. இத்தகைய உரையாடல்களைப் பதிவுசெய்து, சொல் மாறாமல் எழுதி, பொருள் காண்பதே இந்தப் பணி. வட்டார வழக்கு அறிந்தவருக்கு இதில் தனி மதிப்பு உண்டு.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனைகளை முன்கூட்டியே ஆராய்ந்து அனுமதி தரும், குறைந்தது 7 பேர் கொண்ட நெறிமுறைக் குழுவில் சமூக அறிவியலாளர் இடம்பெறலாம். ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் போன்றவற்றின் ஆய்வுத் திட்டங்களில் கிடைக்கும் களப் பணியே முதற்படி. அவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். நிதி முடிந்தால் வேலையும் முடியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நிலையான பணிக்கு முனைவர் பட்டம் தேவைப்படும்.

ஆகவே உடனே உயிரியல் நெறிமுறைப் பட்டயத்துக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டாண்டுக் கள அனுபவம் பெற்றபின், திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மையம் போன்ற இடங்களில் பொதுச் சுகாதாரம் படிப்பதைப் பற்றி யோசிக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் சமூக அறிவியல் ஆய்வுக்கென்றே உள்ள பகுதியை இப்போதே படிக்கட்டும்.

மகளின் முதுகலை ஆய்வேட்டுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டியிருக்கும் (நெறிமுறையை ஆராய்பவருக்கும் விலக்கு இல்லை!). அதற்கு அவர் எழுதும் ஒப்புதல் படிவத்தை முதலில் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் 'அப்படீன்னா என்ன?' என்று கேட்கிறாரோ, அங்கிருந்து திருத்தத் தொடங்கட்டும்.