எந்த நாடு என்று கேட்பதற்கு முன்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெக்டரியில் வேலை செய்கிறேன். மனைவி முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், ஐம்பது வயது தாண்டி இப்போதுதான் நின்றார். மகன் வர்த்தகப் பிரிவில் இரண்டாம் முறையும் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி மூன்று 'எஸ்' (சாதாரணச் சித்தி) எடுத்தான். கம்பஸ் கிடைக்கவில்லை. ஹட்டனில் ஒரு ஏஜென்சியில் பிரித்தானியா, கனடா இரண்டுக்கும் அனுப்பலாம், ஜேர்மனியில் படிப்பே இலவசம் என்கிறார்கள். ஆரம்பத்துக்கு 28 இலட்சம் வேண்டுமாம். மனைவியின் ஈ.பி.எப். (சேமலாப நிதி), சேவைக்காலப் பணம் சேர்ந்து 14 இலட்சம் வரும். நகையில் 4 இலட்சம். மிச்சம் 10 இலட்சம் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு எடுக்கலாம். மூத்த மகள் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள், மாதம் இருபதாயிரம் அனுப்புகிறாள், கடனை அவள் பார்த்துக்கொள்வாள். அவளும் முதல் முறையே மூன்று பாடமும் நல்லாகப் பாஸ் பண்ணினவள்தான், அந்த நேரம் வீட்டுக் கஷ்டத்தில் ஃபோர்ம் போடவில்லை. மகனுக்கு எந்த நாடு நல்லது?

பதில்: ஐயா, மகனைப் பற்றி விவரம் விவரமாக எழுதிய நீங்கள் மகளை இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். "நல்லாகப் பாஸ் பண்ணினவள்தான், ஃபோர்ம் போடவில்லை." நாடுகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் முதலில் இதைப் பேசியாக வேண்டும்.

அந்த ஃபோர்ம் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? ஏ.எல். பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைந்நூல் வெளியிடும். அதைப் பார்த்து, விரும்பும் பாடநெறிகளை வரிசைப்படுத்தி, ஒன்லைனில் நிரப்பி, அச்செடுத்து, ஒப்பமிட்டு, பதிவுத் தபாலில் போட வேண்டும். அந்த வருடப் பெறுபேற்றுக்கு அந்த வருடம்தான் விண்ணப்பம். முடிவுத் திகதி போனால் அந்தப் பெறுபேற்றை வைத்து அரசப் பல்கலைக்கழகத்துக்குள் போக முடியாது. மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அதுவும் மொத்தம் மூன்று தடவைக்குள். சில நாள் சம்பளத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அது.

நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்கு அதில் தனியாக ஓர் இடம் உண்டு. வர்த்தகப் பிரிவினர் போகும் முகாமைத்துவம் போன்ற பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு மக்கள்தொகைப்படி, இன்னும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. இந்த ஒதுக்கீடு ஏன் வந்தது? 1945இல் இலவசக் கல்வி வந்தது, ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். நம்மவர்கள் ஒரு தலைமுறை பிந்தி ஓடத் தொடங்கினார்கள். அதற்காக வைக்கப்பட்ட இடத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை விண்ணப்பிக்கத் தகுதியாகி வந்தாள், நீங்கள் ஃபோர்ம் போடவில்லை.

அவளுடைய இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி, என்ன? கடிதத்தில் இல்லை. அவள் எழுதிய வருடத்துக்கான வெட்டுப்புள்ளிப் பட்டியல் ஆணைக்குழுவின் தளத்தில் மாவட்ட வாரியாக, பாடநெறி வாரியாக இருக்கும். எடுத்துப் பாருங்கள். அவளுக்கு இடம் கிடைத்திருக்குமா என்று உங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்கும் தெரியாது. அது தெரியாமலே துணிக்கடையில் நிற்கிறாள்.

கஷ்டம் என்கிறீர்கள். அரசப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை மாதம் 5000 ரூபாயிலிருந்து 7500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காதவருக்கு பர்சரி என்ற உதவிப்பணம் உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே 1947இல் அமைந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. இந்திய உயர்ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். அதே வீடு, அதே கஷ்டம். மகனென்றதும் 28 இலட்சத்துக்கு வழி தெரிகிறது. மகளென்றபோது தபால் செலவுக்கு வழி தெரியவில்லை. கோபிக்காதீர்கள், உங்கள் கணக்கைத்தான் உங்களுக்கே வாசித்துக் காட்டுகிறேன்.

சரி, நாடுகள்.

உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஏஜென்சிகள் சொல்லாத ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு மாணவரை அந்த நாடுகள் ஏன் இப்படிக் கூப்பிட்டன? இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணத்தை 2012இல் 9000 பவுண் வரை உயர்த்தினார்கள், 2017இல் 9250 ஆக்கினார்கள், பிறகு 2025 வரை அசைக்கவில்லை. விலைவாசி ஏறியது, கட்டணம் ஏறவில்லை. பற்றாக்குறையை நிரப்ப உச்சவரம்பு இல்லாத வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைத் தேடினார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணமும் 2019இல் உள்நாட்டுக் கட்டணத்தைப் பத்து வீதம் வெட்டி அப்படியே நிறுத்திவைத்தது. கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போயின. ஆக, உங்கள் மனைவியின் சேமலாபப் பணம் அங்குள்ள அரசுகள் கொடுக்காத பணத்துக்கு ஈடாகப் போகிறது. அங்கே வீட்டு வாடகையும் அரசியலும் சூடானதும் அதே அரசுகள் கதவை இழுக்கவும் தொடங்கிவிட்டன.

கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. கையில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 10,000 கனேடிய டொலராக இருந்தது, 20,635 ஆனது, 2025 செப்டெம்பரில் 22,895 ஆனது. அரசக் கல்லூரியின் பாடத்தைத் தனியார் நிறுவனம் நடத்தும் வகைப் படிப்பில் 2024 மே 15 முதல் சேர்ந்தவருக்குப் படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி இல்லை. ஏஜென்சி சொல்லும் கல்லூரி அந்த வகையா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் ஏற்காதீர்கள்.

பிரித்தானியாவில் படிப்பு முடிந்து வேலை தேட இரண்டு வருடம் தருவார்கள் என்றுதான் எல்லோரும் போகிறார்கள். முதல் பட்டம் முடிப்பவருக்கு 2027 ஜனவரி முதல் அது 18 மாதம். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதில் கட்டணமும் கட்டி, வாடகையும் கட்டி, வீட்டுக்கும் அனுப்பலாம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து மாதம் மாதமாக எழுதச் சொல்லுங்கள்.

பிரித்தானிய விசாவுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. முதல் வருடக் கட்டணத்தில் மிச்சமும் ஒன்பது மாதம் வரையான வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கியில் நிற்க வேண்டும். அந்தப் பணம் இல்லாதவருக்குச் சில ஏஜென்சிகள் வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டுகின்றன. பொய்யான ஆவணம் என்று கண்டுபிடித்தால் விசா மறுப்போடு நிற்காது, பத்து வருடத் தடை வரலாம். மாட்டுவது ஏஜென்சி இல்லை, உங்கள் மகன்.

ஜேர்மனியில் இலவசம் என்பது பாதி உண்மை. அங்கே சில மாநிலங்கள் கட்டணம் அறவிட்டுப் பார்த்தன, எதிர்ப்பு வந்தது, 2014இல் கடைசி மாநிலமும் பொதுக் கட்டணத்தைக் கைவிட்டது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் ஒரு பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. எங்கே படித்தாலும் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை, மாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும். முதல் பட்டம் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில். பலர் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் ஒரு வருட ஆயத்தப் படிப்பும் தேர்வும் முடிக்க வேண்டியிருக்கும். அந்த நாட்டில் உங்கள் மகனுக்குப் பொருந்தக்கூடியது அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி: நிறுவனத்தோடு ஒப்பந்தம், பயிற்சிக் காலத்திலேயே சம்பளம், பொதுவாக மூன்று வருடம். அதற்கு ஜேர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலை மட்டமாவது வேண்டும். ஒரு வருடம் ஒழுங்காக உட்கார்ந்து மொழி படிக்கத் தயாரா என்று அவனிடம் கேளுங்கள். மொழியே இல்லாமல் அனுப்புகிறோம் என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கடன். பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் மாதம் முப்பதாயிரம். மகள் அனுப்புவது இருபதாயிரம். அவள் சாப்பாட்டைக் குறைத்து அனுப்பினாலும் வட்டியே முழுதாக அடைபடாது, வாங்கிய முதலில் ஒரு ரூபாயும் குறையாது. மாதம் பத்தாயிரம் துண்டு விழுந்து கடன் ஏறிக்கொண்டே போகும். "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா? நாளைக்கு அவளுக்குக் கலியாணப் பேச்சு வந்தால் இந்தக் கடன் யார் பெயரில் நிற்கும்?

மனைவியிடமாவது கேட்டீர்களா? நாட்கூலிக்காரருக்கு ஒரு வருட சேவைக்குப் பதினான்கு நாள் சம்பளம்தான் சேவைக்காலப் பணம். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் முப்பது வருடத்துக்கு 5,67,000 ரூபாய். அந்தத் தொகைக்குள் எத்தனை மழை, எத்தனை அட்டைக்கடி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் ஓய்வூதியம் கிடையாது. ஈ.பி.எப்.பை ஒருமுறை எடுத்துச் செலவழித்தால் அவருடைய வயதான காலத்துக்கு வேறெதுவும் இல்லை. அந்த 14 இலட்சத்தில் கைவைக்காதீர்கள். அவர் பெயரில் நிலையான வைப்பாகப் போடுங்கள், வட்டி அவர் கைக்கு வரட்டும்.

அக்கா உழைத்துத் தம்பியைப் படிக்கவைத்தாள் என்பதை நம் லயங்களில் பெருமையாகச் சொல்கிறோம். அக்காவாக விரும்பிச் செய்தால் அது அவள் பெருந்தன்மை. அவளுடைய வழியை அடைத்துவிட்டு அவளையே தூணாக நிறுத்துவது பெற்றோர் செய்கிற அநியாயம். பிள்ளைகள் நமக்குக் கடமைப்பட்டவர்கள் என்று நானும் நம்புகிறேன். அதற்கு முந்திய கடமை நம்முடையது, அதை இரண்டு பிள்ளைக்கும் ஒரே அளவில் செய்ய வேண்டும்.

மகனுக்கு இங்கேயே வழி உண்டு. மூன்றாவது தடவை பாக்கியிருக்கிறது, எந்தப் பாடம் இழுத்தது என்று பார்த்து அதற்கு மட்டும் நேரம் கொடுத்து எழுதட்டும். அதோடு இலங்கை உயர்தொழினுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கட்டும். கண்டியிலும் பதுளையிலும் நிறுவனங்கள் உள்ளன, முழுநேரப் படிப்புக்குக் கற்கைக் கட்டணம் இல்லை, விண்ணப்ப அறிவித்தல் பத்திரிகையில் வரும். பட்டம்தான் வேண்டும் என்றால் அரசு அங்கீகரித்த தனியார் பட்டப்படிப்புக்கு 2017 முதல் வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் என்று இங்கே விற்கப்படும் எதுவானாலும் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கடிதம் கேளுங்கள். எந்த வழியில் போனாலும் இங்கிலிஷ் வேண்டும். நம் பிள்ளைகள் நல்ல புள்ளியோடு உள்ளே போயும் முதல் வருடத்தில் தடுமாறுவது அதிகமும் விரிவுரை இங்கிலிஷில் நடப்பதால்தான். ஆறு மாதம் அதற்கென்றே ஒதுக்கட்டும்.

மகளுக்கு? அவள் ஒருமுறைதான் எழுதியிருக்கிறாள், இன்னும் இரண்டு முறை அவளுக்கு உண்டு. வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. தலைமை வளாகம் நாவலையில், அவள் கொழும்பில்தான் இருக்கிறாள். சமூக விஞ்ஞானப் பட்டத்தைத் தமிழிலேயே படிக்கலாம், கட்டணத்தைத் தவணையில் கட்ட முடியுமா என்று பதிவின்போதே கேட்கட்டும். ஆசிரியராக விருப்பமென்றால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கான வர்த்தமானி அறிவித்தலில் வயதும் பெறுபேற்று வருடமும் பொருந்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும், அதில் வயதெல்லை உண்டு.

இந்த மாதம் ஏஜென்சிக்குப் போகாதீர்கள். அடுத்த முறை மகள் லீவில் வரும்போது அவளுடைய பெறுபேற்றுத் தாளையும் அந்த வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலையும் மேசையில் வைத்து, மனைவியும் மகனும் இருக்கும்போது, ஃபோர்ம் போடாதது உங்கள் பிழை என்று சொல்லுங்கள். அவள் என்ன படிக்க நினைத்தாள் என்று கேளுங்கள். அவள் அனுப்பும் இருபதாயிரத்தை அன்றிலிருந்து அவள் பெயரிலேயே ஒரு கணக்கில் போடுங்கள், புத்தகம் அவள் கையில் இருக்கட்டும். மகனை மாலை நேரத்தில் ஒரு கடையில் கணக்கெழுத விடுங்கள். அவனுடைய முதல் சம்பளத்தில் அக்காவின் பதிவுக் கட்டணத்தில் பாதியை அவன் கட்டட்டும், மீதியை நீங்கள் கட்டுங்கள்.