ஐஜிஇஎஸ் சர்ஃபேஸ் சாலிட் ஆகவில்லையா?

பிளாஸ்டிக் மோல்டு வடிவமைக்க வாடிக்கையாளர் தந்த ஐஜிஇஎஸ் (கணினி வடிவமைப்பு மாடலைப் பரிமாறும் ஒரு வகை) ஃபைலில் சர்ஃபேஸ் எல்லாம் தனித்தனியாக வருகிறது, நிட் செய்தாலும் (விளிம்புகளைத் தைத்து ஒட்டினாலும்) சாலிட் (மூடிய முழு உருவம்) ஆகவில்லை, கோர் கேவிட்டி (மோல்டின் இரு பாதிகள்) பிரிக்க முடியவில்லை என்கிறீர்கள். ரிப்பேரில் இறங்கும் முன் அவரிடம் ஸ்டெப் அல்லது பாராசாலிட் வகை ஃபைல் கேட்டுப் பாருங்கள். ஐஜிஇஎஸ்ஸில் பெரும்பாலும் சர்ஃபேஸ்களும் ட்ரிம் கோடுகளும் மட்டும்தான் வரும், எந்த விளிம்பு எதோடு சேரும் என்ற தகவல் வராது. ஸ்டெப்பில் அதுவும் வரும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கிடைக்கவில்லையா? சரி, நிட் டாலரன்ஸை (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற அளவை) மட்டும் 0.1 மிமீ வரை ஏற்றிவிடாதீர்கள். திரையில் சாலிட் ஆகிவிடும், அப்புறம் பார்ட்டிங் சர்ஃபேஸ் (மோல்டின் இரு பாதிகளும் பிரியும் பரப்பு) போடும்போதோ ஆஃப்செட் கொடுக்கும்போதோ (பரப்பைச் சம தூரம் தள்ளும்போதோ) கவிழ்த்துவிடும். நானே ஒரு கவர் பாகத்தில் அப்படிச் செய்து இரண்டு நாளைத் தொலைத்தேன். கடைசியில் பார்த்தால் பாஸ் (திருகு ஏறும் குமிழ்) அடியில், மூன்று ஃபில்லட் (உருட்டிய விளிம்பு) சந்திக்கும் மூலையில், முடி மாதிரி ஒரு ஃபேஸ் (பரப்புத் துண்டு), அகலம் 0.03 மிமீகூட இல்லை.

அதனால் திறந்த விளிம்புகளைக் காட்டச் சொல்லி அந்த மூலைகளை முதலில் பாருங்கள். மெல்லிய ஃபேஸை நீக்கி, பக்கத்து ஃபேஸ்களை அன்ட்ரிம் செய்து (ட்ரிம் வெட்டை நீக்கி) நீட்டி, ஒன்றை வைத்து மற்றதை ட்ரிம் செய்யுங்கள். அதற்கும் அடங்காத ஓட்டையை மட்டும் டேன்ஜென்ட் கொடுத்து (பக்கத்துப் பரப்போடு மடிப்பில்லாமல் சேரும்படி) ஃபில் செய்யலாம். பிறகு டிராஃப்ட் (பாகம் மோல்டிலிருந்து கழன்று வர விடும் சரிவு) பாருங்கள், பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதை ஈடுகட்டும் ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் (ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் 1.005 அளவில்) எல்லாம் முடிந்த பிறகுதான். வெளியே தெரியும் ஃபேஸ் எதையாவது மாற்றியிருந்தால் ஸ்டீல் வெட்டும் முன் அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.